நியூட்ரானுக்கு நிறம் உண்டா?

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, சீறாப்புராணத்தைப் பற்றியோ குணங்குடி மஸ்தான் சாகிபைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். நம்மை அறிந்த சமுதாயப் பெரியவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பர். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேலாக நம் நெஞ்சில் தைத்துக்கிடக்கும் முள் ஒன்று உண்டு. அதனை எடுத்தெறிய இம்மலரே தக்க இடம் எனத் தோன்றியது. அம்முள் இலக்கியத்தைச் சார்ந்ததன்று, இயற்பியலைச் சார்ந்தது. தமிழாசிரியனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

2014ஆம் ஆண்டு நம் கல்லூரியில் அறிவியல் தமிழ்க் கூட்டம் ஒன்று நடைபெற்றது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர், கதிரியக்க ஓரிடத்தான்களால் ஆன நியூட்ரான் மூலங்களின் ஆற்றல் நிறமாலையை அளப்பது எவ்வாறு என்பது பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். அதனைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. தமிழாக்கியதோடு நில்லாமல் மேடையேறி வாசிக்கவும் செய்தோம். நிறமாலை என்னும் சொல் பாடநூலில் உள்ளதுதான், அதில் பிழையில்லை. நாமோ அச்சொல்லின் அழகில் மயங்கி, "அமெரிசியமும் பெரிலியமும் கலந்த சிமிழிலிருந்து புறப்படும் நியூட்ரான்கள் வானவில்லைப் போல் ஏழு வண்ணம் காட்டி விரிகின்றன" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டோம். அவையோர் கைதட்டினர்.

அப்போது பின்வரிசையிலிருந்து மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் எழுந்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவரின் மகன். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். "நியூட்ரானுக்கு நிறம் ஏதுங்க ஐயா? அது ஒளியே இல்லீங்களே" என்றான். குரலில் எள்ளல் இல்லை. ஐயம் மட்டுமே இருந்தது. நாம் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்று நன்றாகத் தெரிகிறது. அன்று செய்ததோ வேறு. "தம்பி, உனக்கு இயற்பியல் தெரியும்; தமிழ் தெரியவில்லை; உட்கார்" என்றோம். அவை சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதன்பின் அவன் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்கும் வரவில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது இயற்பியல் நண்பர் குவளையைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பையன் சொன்னதுதான் சார் சரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் நாம் அவரிடமே மாணவராய்ச் சேர்ந்தோம். மாலை வகுப்புகள் முடிந்த பின், ஆசிரியர் ஓய்வறையில், கேரம் பலகையே கரும்பலகையாக அவர் பாடம் நடத்தினார். அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நாமே தேடிப் படித்ததையும் நமக்கு விளங்கிய அளவில் ஈண்டு எழுதுகிறோம்.

நியூட்ரான் என்பது அணுக்கருவின் உள்ளே இருக்கும் துகள். அதற்கு மின்னூட்டம் இல்லை. அதனால் அதைக் காண்பதும் பிடிப்பதும் அரிது. 1930ஆம் ஆண்டு ஜெர்மனியில் போத்தே, பெக்கர் என்னும் இருவர், பெரிலியத்தின்மீது ஆல்பாத் துகள்களை மோதவிட்டபோது கனத்த தடுப்பையும் ஊடுருவிச் செல்லும் ஒரு கதிர் வெளிப்படுவதைக் கண்டனர். பாரிஸில் மேரி கியூரியின் மகளும் மருமகனும் அக்கதிரை மெழுகின்மீது பாய்ச்சி, மெழுகிலிருந்து புரோட்டான்கள் தெறித்து வருவதைக் கண்டனர். கண்டும் அது காமாக் கதிர் என்றே கருதினர். கேம்பிரிட்ஜில் இருந்த ஜேம்ஸ் சாட்விக், 1932ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அது புரோட்டானுக்கு நிகரான எடையுள்ள, மின்னூட்டமற்ற துகள் என்று அறிவித்தார். ஹைட்ரஜன் எவ்வளவு வேகத்தில் தெறிக்கிறது, நைட்ரஜன் எவ்வளவு வேகத்தில் தெறிக்கிறது என்று ஒப்பிட்டே அவர் அம்முடிவுக்கு வந்தார். 1935இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நியூட்ரானை அவர் கண்டாரில்லை. அது இடித்துத் தள்ளியவற்றைக் கண்டார்.

பெரிலியம் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழாசிரியனுக்குச் சும்மா இருக்க இயலவில்லை. பெரில் என்னும் மணிக்கல்லில் இருந்து எடுக்கப்பட்டமையால் அத்தனிமத்துக்கு அப்பெயர். பெரில் என்பதன் மூலமான கிரேக்கச் சொல், வேளுரிய என்னும் பிராகிருதச் சொல்லின் வழிவந்தது என்பர் சொல்லாய்வார். நம் வைடூரியமும் அச்சொல்லுக்கு உறவுதான். அக்கல் இந்தியாவிலன்றிப் பிற இடங்களில் அரிது என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்துள்ளார். அக்கல்லுக்குப் பெயர்பெற்ற படியூர், காங்கேயத்தை அடுத்துள்ளது. நமக்குக் காவிரியைத் தாண்டினால் அக்கரை. கொங்கு நாட்டுக் கல்லின் பெயரைத் தாங்கிய தனிமத்தின் வழியாகத்தான் உலகம் நியூட்ரானை அறிந்தது என்று சொல்லும்போது நண்பர் சிரித்தார், மறுக்கவில்லை.

இன்று ஆய்வகங்களிலும் எண்ணெய்க் கிணறுகளிலும் பெரிதும் பயன்படும் நியூட்ரான் மூலம் அமெரிசியம்-பெரிலியம் கலவையே. அமெரிசியம்-241 என்னும் பொடியையும் பெரிலியப் பொடியையும் நெருங்கக் கலந்து, அழுத்தி, விரல் பருமனுள்ள எஃகுச் சிமிழில் இரட்டை உறையிட்டு மூடிவிடுவர். அமெரிசியம் ஆல்பாத் துகள்களை விடுகிறது. அவை பெரிலியத்தின் கருவைத் தாக்குகின்றன. பெரிலியம் கார்பனாக மாறி ஒரு நியூட்ரானை வெளித்தள்ளுகிறது. பத்து இலட்சம் ஆல்பாத் துகள்கள் புறப்பட்டால் அறுபது எழுபது நியூட்ரான்கள் கிடைத்தால் உண்டு. அமெரிசியத்தின் அரையாயுள் 432 ஆண்டுகள். உமறுப் புலவர் காலத்தில் ஒருவர் அப்பொருளைப் பேழையில் வைத்துப் பூட்டியிருந்தால், இன்று திறக்கும்போதும் பாதிக்கு மேல் எஞ்சியிருக்கும்.

இவ்வாறு வெளிவரும் நியூட்ரான்கள் எல்லாம் ஒரே வேகம் உடையன அல்ல. இங்குதான் நிறமாலை என்னும் சொல் நம்மைக் கவிழ்த்தது. நியூட்டன் ஒளியைப் பட்டகத்தால் பிரித்து அந்நிறவரிசைக்கு இலத்தீனில் ஒரு பெயர் இட்டார். அதன் பொருள் தோற்றம் என்பதே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் திருசியம் என்று எழுதுவது அம்மூலப்பொருளுக்கு நெருங்கியது. தமிழகத்தார் நிறத்தைப் பார்த்து நிறமாலை என்றனர். ஒளிக்கு அது முற்றிலும் பொருந்தும். பின்னர் எந்தக் கதிரானாலும், எவ்வளவு ஆற்றலில் எவ்வளவு பங்கு என்று காட்டும் வரைபடத்துக்கெல்லாம் அறிவியலார் அப்பெயரையே நீட்டித்தனர். நாம் பெயரைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம்.

நண்பர் நமக்கு அதனை விளக்கியது ஜவ்வரிசியைக் கொண்டு. சேலத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளி மாவைக் குலுக்கி உருட்டிய மணிகளைப் பல கண்ணளவுள்ள சல்லடைகளில் சலித்துப் பிரிப்பதை நம் மாணவர் பலரும் கண்டிருப்பர். பெருமணி இவ்வளவு, நடுத்தரம் இவ்வளவு, குறுமணி இவ்வளவு என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்தால் அதுதான் அம்மூட்டையின் மாலை. நியூட்ரானின் ஆற்றல் நிறமாலை என்பதும் அவ்வளவே. இத்தனை விரைவானவை இத்தனை பங்கு, இத்தனை மெதுவானவை இத்தனை பங்கு. வண்ணம் ஏதும் இல்லை.

அமெரிசியம்-பெரிலிய மூலத்தின் நியூட்ரான்கள் மிகச் சிற்றாற்றலில் தொடங்கி ஏறத்தாழ 11 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டு வரை பரவியிருக்கின்றன, சராசரி 4.2 அளவில் நிற்கிறது. வரைபடமும் வழுவழுப்பாக இராது. மேடும் பள்ளமுமாக இருக்கும். காரணம், பிறக்கும் கார்பன் கரு சில வேளைகளில் அமைதியாக இருக்கும். சில வேளைகளில் 4.44 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தானே வைத்துக்கொண்டு, பின்னர் காமாக் கதிராக உமிழும். கார்பன் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதுதானே நியூட்ரானுக்கு. அதன்மேல், ஆல்பாத் துகள் பெரிலியத்தை அடையுமுன் பொடியினூடே வழியில் எவ்வளவு ஆற்றலை இழந்தது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆதலால் பொடியின் நுண்மைகூட நிறமாலையின் கீழ்ப்பகுதியை மாற்றிவிடும். ஒரே பெயர் பொறித்த இரு சிமிழ்கள் முற்றும் ஒன்றாக இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

கலிஃபோர்னியம்-252 என்பது வேறு குணம். அது தானே பிளந்து நியூட்ரானைத் தருவது. வரைபடம் ஒரே குன்றாக ஏறி இறங்கும், சராசரி 2.1 அளவு, அரையாயுளோ இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல். ஆன்டிமனி-பெரிலிய மூலம் இன்னொரு குணம். அதில் ஆல்பாவுக்குப் பதிலாகக் காமாக் கதிர் பெரிலியத்தைத் தட்டுகிறது; நியூட்ரான்கள் ஏறத்தாழ 24 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்னும் சிற்றாற்றலில் குவிகின்றன.

இதனை அளந்து ஆவது என்ன என்று நாமும் கேட்டோம். நண்பர் நாமக்கல் முட்டையைக் காட்டினார். ஒரு வண்டி முட்டையின் சராசரி எடை தெரிந்தால் வியாபாரம் முடிந்துவிடுமா? சிறுமுட்டை எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியவேண்டாவா? நியூட்ரானிலோ இது உடம்பைச் சார்ந்த கேள்வி. உடலுக்குள் சேரும் ஆற்றல் ஒன்றாகவே இருந்தாலும், அதனைக் கொணர்ந்த நியூட்ரானின் வேகத்தைப் பொறுத்துத் தீங்கு மாறுபடுகிறது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, மிக மெதுவான நியூட்ரானுக்கு எடைக்காரணி 2.5, ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் அருகே அது 20ஐத் தொடுகிறது, அதற்கு மேல் மீண்டும் குறைகிறது. எட்டு மடங்கு வேறுபாடு! கிணற்றடியிலோ உலையடியிலோ வேலை செய்யும் தொழிலாளியின் சட்டையில் குத்தியிருக்கும் அளவியை அமெரிசியம்-பெரிலியத்தைக் கொண்டு அளவொப்புச் செய்திருக்கலாம். அவர் நிற்கும் இடத்து நியூட்ரான்களோ சுவரிலும் நீரிலும் மோதித் தளர்ந்தவையாக இருக்கலாம். அப்போது அளவி சொல்லும் எண்ணும் உடம்பு வாங்கிய தீங்கும் ஒத்துப்போகா. நிறமாலை தெரியாமல் அந்த எண்ணை நம்புவதற்கில்லை. இதைக் கேட்டபோது, ஏழு வண்ணம் என்று நாம் மேடையில் விளையாடியது இன்னும் கசந்தது.

அளக்கும் வழிகளைச் சொல்ல அவர் கேரம் காய்களை எடுத்தார். நின்றிருக்கும் காயின்மீது அதே எடையுள்ள காய் நேராக மோதினால், மோதிய காய் நின்றுவிடும். நின்ற காய் ஓடும். நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவாகிய புரோட்டானும் ஏறக்குறைய ஒரே எடை. எனவே நேர்மோதலில் நியூட்ரான் தன் ஆற்றல் முழுவதையும் புரோட்டானுக்குக் கொடுத்துவிடும். சாய்ந்து மோதினால் ஒரு பகுதியைக் கொடுக்கும். எந்தக் கோணத்தில் எவ்வளவு என்பதற்குத் திட்டமான கணக்கு உண்டு. பழைய ஆய்வாளர் ஒளிப்படப் பசையில் புரோட்டான் இழுத்த கோட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, நீளத்தையும் கோணத்தையும் ஒவ்வொன்றாக அளந்து, ஆயிரக்கணக்கில் பட்டியலிட்டனர். ஏடு படித்துக் கண் பழுதான நம் முன்னோர் நினைவுக்கு வந்தனர்.

ஹீலியம்-3 வாயுவை நிரப்பிய குழாய் மற்றொரு வழி. அதில் நியூட்ரான் விழுந்தால் கரு பிளந்து 764 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளியாகும். வந்த நியூட்ரானின் ஆற்றலும் அதனோடு கூடும். மொத்தத்தை அளந்து 764ஐக் கழித்தால் விடை. நீர்மச் சுடர்ப்பொருளைக் கொண்டு அளப்பதும், பறந்து வரும் நேரத்தை அளப்பதும் உண்டு. ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர் ஓடும்; ஒளியோ 3 இலட்சம் கிலோமீட்டர். மேலே சொன்ன 4.44 காமாக் கதிர் நியூட்ரானோடு ஒருங்கே பிறப்பதால், காமா வந்த கணத்தைப் பந்தயத் தொடக்கமாகவும் நியூட்ரான் வந்த கணத்தை முடிவாகவும் கொண்டு வேகத்தைக் கணிக்கலாம். இயற்கையே வைத்த மணியோசை போலும்!

நம் மனத்தை மிகவும் கவர்ந்தவை பானர் உருண்டைகள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் பிராம்பிளெட், யூவிங், பானர் என்னும் மூவர் 1960இல் அமைத்த முறை இது. பாலிஎத்திலீனால் ஆன, 2 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை விட்டமுள்ள உருண்டைகள். நடுவில் மெதுவான நியூட்ரானை உணரும் லித்தியம் அயோடைடு படிகம். பாலிஎத்திலீனில் ஹைட்ரஜன் நிறைய உண்டு. நியூட்ரான் அதில் மோதி மோதித் தளரும். சிறிய உருண்டையில் ஏற்கனவே மெதுவாக வருபவை படிகத்தை அடையும். விரைவானவை தளராமல் வெளியேறிவிடும். பெரிய உருண்டையில் விரைவானவை தளர்ந்து நடுவை அடையும். மெதுவானவை வழியிலேயே விழுங்கப்படும். ஒவ்வோர் உருண்டையையும் மாற்றி மாற்றி வைத்து எண்ணிக்கையைக் குறிப்பர்.

ஆனால் இவை நல்ல சல்லடைகள் அல்ல. ஒவ்வோர் உருண்டையும் எல்லா வேகத்தவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் உணர்கிறது. உருண்டைகள் பத்துப் பன்னிரண்டு. அறியவேண்டிய ஆற்றல் கூறுகளோ ஐம்பது, நூறு. பன்னிரண்டு சமன்பாட்டைக் கொண்டு நூறு அறியாமைகளைத் தீர்க்க எந்தக் கணிதத்தாலும் இயலாது. அதனால் முதலில் ஓர் ஊக நிறமாலையை வைத்துக்கொண்டு, அது உருண்டைகளில் என்ன எண்ணிக்கையைத் தந்திருக்கும் என்று கணித்து, உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, ஊகத்தைச் சிறிது சிறிதாகத் திருத்துவர். இதில் ஓர் இடர் உண்டு. ஊகம் தவறாக இருந்து, அளவீடும் அதனைத் திருத்தப் போதாதாயின், முடிவில் கிடைப்பது இயற்கையின் விடையன்று. நாம் உள்ளே வைத்த ஊகமே வேறு உடை உடுத்தி வெளியே வரும்.

இதனைக் கேட்டபோது நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இது நம் தொழில் அல்லவா! 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், இளம் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பக்கம் அவரைத் திருப்பினார். அதன் பயனாய் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அந்த ஏழாண்டுகளில் ஐயர் செய்தது என்ன? ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடும், எழுத்து சிதைந்திருக்கும், ஓர் ஏட்டை மட்டும் நம்பலாகாது, பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலம் இன்னதாக இருந்திருக்கவேண்டும் என்று காணவேண்டும். பொருள் விளங்காத இடத்தில் பதிப்பாசிரியன் தன் ஊகத்தைப் பாடமாக்கிவிட்டால், பின்வருவோர் அதனையே புலவன் வாக்கென்று போற்றுவர். சேலத்து மைந்தர் ஒருவர் தூண்டிவிட்ட பணியைச் சேலத்துச் சமவெளியிலிருந்து தமிழ் கற்பிக்கும் நாம், ஒரு நியூட்ரான் கட்டுரையில் அப்பிழையையே செய்திருந்தோம். வானவில் என்பது நம் ஊகம். அதைக் கட்டுரைக்குள் வைத்தவரும் நாமே. அதையே கண்டு வியந்தவரும் நாமே.

அளவீட்டில் மற்றோர் இடர், அறையின் சுவர்கள். சிமிழிலிருந்து நேரே வரும் நியூட்ரானோடு, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பியவையும் கருவியில் விழும். அவற்றைப் பிரிக்க நிழற்கூம்பு என்னும் கருவி உண்டு. இரும்பும் பாலிஎத்திலீனும் கொண்ட கூம்பைச் சிமிழுக்கும் கருவிக்கும் இடையே வைத்தால் நேர்வரவு மறைந்துவிடும். சுற்றிவருபவை மட்டும் எண்ணப்படும். முதல் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டியதுதான். ஒளியை அறிய இருளை அளக்கும் இவ்வுத்தி, இருட்டறையில் சிறுதுளை வழியே ஒளியை ஆராய்ந்த இப்னுல் ஹைஸமை நமக்கு நினைவூட்டியது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் பெருநூலை ஏழு பகுதிகளாக யாத்த அப்பெருமகனார், முன்னோர் சொன்னதைச் சோதித்துப் பாராமல் ஏற்கவில்லை. நம் சமுதாயத்துப் பிள்ளைகளிடம் அவர் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார் என்றும் சொல்லிவிடுகிறோம்.

இத்தனை இடர்களையும் கடந்துதான் இன்றைய அளவுகள் நிலைபெற்றன. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துத் தேசிய அளவியல் நிறுவனத்தில் குளூகே, வைசே என்னும் இருவர் அமெரிசியம்-பெரிலிய நிறமாலையை நுணுகி அளந்து 1982இல் வெளியிட்டனர். பன்னாட்டுத் தர நிறுவனம் அதனை ஆதாரமாகக் கொண்டது. 1995இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தார் மீண்டும் அளந்தனர். அறுபது ஆண்டுக்கு முன் சாட்விக் கையாண்ட அதே பெரிலியத்தின் வினையை இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்களே என்று வியந்தோம். "திருக்குறளுக்கு இன்னும் உரை எழுதிக்கொண்டுதானே சார் இருக்கிறீர்கள்" என்றார் நண்பர்.

நம் நாட்டில் கதிர் அளவீட்டுத் தரத்தைக் காக்கும் பொறுப்பு டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு உரியது. நமக்கு அண்மையில் இருப்பது கல்பாக்கம். 1971இல் தொடங்கி 1985இல் இந்திரா காந்தி பெயரைப் பெற்ற ஆராய்ச்சி மையம் அங்குள்ளது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் அதன் வேக ஈனுலை உயிர்பெற்றது. 1996இல் தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம்-233 கொண்டு இயங்கும் காமினி என்னும் சிற்றுலை இயங்கத் தொடங்கியது. நியூட்ரான் இல்லையேல் அங்கு ஒன்றுமே இல்லை. இயற்பியல் மாணவரோடு நாமும் ஒருமுறை அப்பக்கம் சென்றோம். வாயிலில் இருந்த காவலர் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, "தமிழ் சாருக்கு இங்க என்னங்க சார் வேலை?" என்றார். "படிக்க வந்தோம்" என்றோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கலைச்சொல் பற்றி இரண்டொரு சொற்கள். 1916ஆம் ஆண்டு, சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, நண்பரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கமே கண்டவர். பின்னாளில் மணவை முஸ்தபா அவர்கள் யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டு நடத்தியும், கலைச்சொல் அகராதிகளைத் தனியொருவராய்த் தொகுத்தும், 2017இல் மறையும்வரை அப்பணியில் நின்றார். இவ்விருவர் வழிவந்த மண்ணிலும் சமுதாயத்திலும் நின்றுகொண்டு, சொல்லை அலங்காரமாக மட்டும் கையாண்டது நம் குற்றம். ஆற்றல் நிறமாலை என்பதைவிட ஆற்றல் பரவல் என்பது பொருத்தம் என்று நாம் பின்னர் முடிவுசெய்தோம்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், சேர்க்கை நாளன்று, வெயிலில் கருத்த இளைஞர் ஒருவர் தங்கையோடு துறை வாசலில் நின்றார். "ஐயாவுக்கு என்னைத் தெரியலீங்களா?" என்றார். குரல் தெரிந்தது. பட்டப்படிப்போடு நிறுத்திவிட்டு ரிக் வண்டியோடு மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம் என்று சுற்றுகிறாராம். இப்போது வண்டிக்கு மேலாளர். தங்கையை இயற்பியலில் சேர்க்க வந்திருந்தார்.

உட்காரச் சொன்னோம். அன்று மேடையில் நாம் சொன்னது தவறு என்றும், அவர் கேட்டதே சரி என்றும் தங்கையின் எதிரிலேயே சொன்னோம். இதனைச் சொல்லப் பத்தாண்டுகள் ஆயினவே என்று நா தடுமாறியது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அத நான் மறக்கலீங்க ஐயா. அப்ப ரொம்ப அவமானமாப் போச்சுங்க. எம்.எஸ்ஸி. சேரலைன்னதுக்கு அது காரணம் இல்லீங்க, வீட்டுல கடன். ஆனா மறக்கல" என்றார். நாம் எதிர்பார்த்தது, அதெல்லாம் பரவாயில்லைங்க ஐயா என்னும் சொல்லை. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாதது நன்று.

பேச்சு வேறு பக்கம் திரும்பியது. பூமிக்கடியில் தண்ணீர் இருக்கிறதா என்று துளையிடும்போது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். "தெரியாதுங்க. வர்ற மண்ணப் பாப்போம், தூளு ஈரமாகுதான்னு பாப்போம், சத்தம் மாறும். அவ்வளவுதானுங்க" என்றார். நியூட்ரான் மூலத்தை மண்ணுக்குள் இறக்கி, நீரிலுள்ள ஹைட்ரஜனில் மோதித் தளர்ந்து திரும்பும் நியூட்ரான்களை எண்ணி ஈரத்தை அளக்கும் கருவி வேளாண் ஆய்வில் உண்டு என்று நாம் படித்ததைச் சொன்னோம். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போன கூட்டாளி ஒருவர் அத்தகைய சிமிழை இறக்கும்போது எல்லாரையும் எட்டிப்போகச் சொல்வார்கள் என்று சொல்லியிருந்தாராம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எந்த வேகத்து நியூட்ரானுக்கு எவ்வளவு என்று நம்மைக் கேட்டார். எடைக்காரணிக் கணக்கைச் சொன்னோம். கேட்டுக்கொண்டு, ஓரிடத்தில் நம்மைத் திருத்தினார், 2.5 என்பதற்குப் பதிலாக 5 என்று சொல்லிவிட்டிருந்தோம். அது 1990ஆம் ஆண்டுப் பரிந்துரையின் பழைய எண்.

எழுந்தபோது, அந்தச் சொல்லுக்கு இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆற்றல் பரவல் என்றோம்.

சற்று யோசித்தார். "நிறமாலைன்னே இருக்கட்டுங்க ஐயா. பாடப்புத்தகத்துல அப்படித்தான இருக்கு, இந்தப் புள்ள பரீட்சையில மாத்தி எழுதி மார்க்கு போயிரும். அந்த ஏழு வண்ணம் மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

தங்கை சிரித்தாள். விண்ணப்பத்தில் இயற்பியல் என்று எழுதியிருந்த இடத்தின் அருகே, இரண்டாம் விருப்பமாகத் தமிழ் என்றும் அப்பெண் எழுதியிருந்ததை அவர்கள் போன பின்னரே கண்டோம்.